சங்கத்துக்குப் போன சீட்டு

புயலடித்த மறுவருஷம் சாயல்குடிப் பக்கம் திரும்பிய இடமெல்லாம் செங்கல் குவியல்தான். அரசாங்கம் வீடு கட்டியது. மானியம் வாங்கி வீட்டு வசதிக் கூட்டுறவுச் சங்கம் கட்டியது. மிஷன் பாதிரியார் கட்டினார். கீழக்கரையிலிருந்து வந்த ஒரு பெரிய வியாபாரி தன் சொந்தப் பணத்தில் கட்டினார். அவ்வளவு கட்டியும், குடிசை போனவர்களில் பாதிப் பேர் பனையோலைத் தட்டிக்குக் கீழேதான் கிடந்தார்கள். கட்டி முடித்த வீடுகள் சில பூட்டிக் கிடந்தன. ஒருவருக்கு இரண்டு இடத்தில் வீடு கிடைத்து, ஒன்றில் ஆடு கட்டியிருந்ததை நானே கண்ணால் பார்த்தேன்.

நான் அப்போது பஞ்சாயத்து யூனியன் அலுவலகத்தில் கிராம சேவிகை. கமுதிக்குத் தெற்கே நிலபுலன் உள்ள சம்சாரிக் குடும்பத்தில் பிறந்தவள். பெண்ணைப் படிக்க வைத்து வேலைக்கும் அனுப்பியதற்காக எங்கள் அய்யா ஊரில் நிறையப் பேச்சு வாங்கியிருந்தார். அய்யாவின் அண்ணன், எங்கள் பெரியய்யா, மாமனார் வழியில் வந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டு சாயல்குடிக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார். மிளகாயும் பருத்தியும் அவருக்கு ஏராளம். வீட்டு வசதிச் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தங்க இடம் பார்த்துக் கொடுத்தவரும் அவரே.

வீடு கட்டும் மற்ற மூவரையும், அரசாங்கத்தின் சார்பில் எங்கள் யூனியன் ஆணையாளர் ஒருநாள் அலுவலகத்துக்கு அழைத்து உட்கார வைத்தார். ஆளுக்கொரு பட்டியல் வைத்துக்கொண்டிருப்பதால்தான் இந்தக் குழப்பம், இனி எல்லோருக்கும் பொதுவாக ஒரே பதிவேடு என்றார். பாதிரியாருக்கு அது உடனே பிடிக்கவில்லை.

“என் வீட்டுக்கு யாரு வரணும்னு நீங்க முடிவு பண்ணுவீங்களாக்கும்?” என்று கேட்டார்.

“வரிசையை நாங்க சொல்றோம் ஃபாதர். கதவைத் திறக்கிறது நீங்கதான்.”

“வேதத்துல சேக்கிறதுக்கு ஆள் பிடிக்க முடியாதேன்னு பாக்குறாரு போல” என்று பெரியய்யா சிரித்தார். பாதிரியாருக்கு முகம் சிவந்துவிட்டது. எந்த விண்ணப்பத்திலும் மதம் என்று ஒரு கட்டமே இருக்கக் கூடாது என்று அந்தக் கோபத்தில் அவர்தான் முதலில் சொன்னார். வியாபாரி அதற்குத் தலையாட்டினார். “சதக்கான்னு தருமமாக் குடுத்த பெறகு யாருக்குன்னு பேரம் பேசப்படாது. வரிசைப்படி யாரோ அவுங்களுக்கு என் வீடு” என்றார்.

பதிவேடு என் பொறுப்புக்கு வந்தது. வீடு வேண்டுபவர் நான்கு இடத்தில் எங்கே போய்க் கேட்டாலும் ஒரே விண்ணப்பம்தான். அது என்னிடம் வந்ததும் நான் போய் ஆட்களைப் பார்ப்பேன். எத்தனை உயிர், யாருக்கு நடக்க முடியாது, இப்போது எங்கே படுக்கிறார்கள் என்று பார்த்து, குடும்பத்துக்கு ஒரு சீட்டு எழுதி வரிசையில் வைப்பேன். மழைக்குத் தாங்காத இடத்தில் இருப்பவர்கள் முன்னால், மற்றவர்கள் பின்னால். யாருக்காவது ஒரு வீடு தயாரானால் அது எங்கே இருக்கிறது, எத்தனை பேர் படுக்கலாம், கிணறு எவ்வளவு தூரம் என்று எனக்கு எழுதி அனுப்புவார்கள். அந்த வீட்டுக்குப் பொருந்துகிற முதல் குடும்பத்தின் சீட்டை நான் அனுப்புவேன். சீட்டு ஒருவரிடம் இருக்கும்வரை இன்னொருவர் அந்தக் குடும்பத்தைக் கூப்பிடக் கூடாது. இரட்டை வீடு விழாமல் இருக்க அதுதான் பூட்டு. வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதானால் காரணம் எழுத வேண்டும், மாதக் கூட்டத்தில் அதை எல்லோர் முன்னாலும் படிப்போம். வீட்டுக்குள் அடுப்பு எரிவதை நான் போய்ப் பார்த்த பிறகுதான் அந்தப் பெயரை அடிக்க வேண்டும் என்றும் பேசி வைத்தோம்.

நன்றாகவே ஓடியது. தன் பட்டியலில் இருந்த பலர் ஏற்கெனவே வியாபாரியின் வீட்டில் இருக்கிறார்கள் என்று பாதிரியார் தெரிந்துகொண்டபோது, “எவ்வளவு அலைச்சல் மிச்சம்” என்று வாய்விட்டே சொன்னார்.

ஆவணி கடைசியில் சங்கத்திலிருந்து ஒரு வீடு தயார் என்று கடிதம் வந்தது. ரோட்டோரம், தரைமட்டத்தில் வாசல், பக்கத்திலேயே நல்ல தண்ணீர்க் கிணறு. வரிசையில் அதற்குப் பொருந்திய முதல் சீட்டு ஒரு விதவையினுடையது. புயல் அன்று உப்பளத்துக்குப் போன புருஷன் திரும்பவில்லை. இரண்டு பெண் குழந்தைகள். சுவர் விழுந்து இடுப்பு உடைந்த மாமனார். மிளகாய் மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியின் வெளிச்சுவரில் ஓலையைச் சாய்த்துக்கொண்டு நான்கு பேரும் இருந்தார்கள். அந்தக் கிட்டங்கியும் அதைச் சுற்றியுள்ள நிலமும் பெரியய்யாவுடையவை. அந்தக் குடும்பம் இரண்டு தலைமுறையாக அவர் நிலத்தில்தான் வேலை செய்தது.

சீட்டை அனுப்பினேன். ஒரு வாரம் போயிற்று, பதில் இல்லை. இன்னும் ஒரு வாரம் பார்த்தேன். புரட்டாசியும் பிறந்துவிட்டது. சங்க எழுத்தரைக் கேட்டால், “தலைவர் பெட்டியில இருக்கு” என்றார்.

இதற்குள் பாதிரியாரிடமிருந்து கடிதம் வந்தது. அவர் வீடு ஒன்று முடிந்துவிட்டது, நடக்க முடியாதவர்களுக்காகவே படியில்லாமல் கட்டியது, ஆள் அனுப்புங்கள் என்று. அந்த வீட்டுக்கும் அந்தக் குடும்பத்தைவிடப் பொருத்தமானவர்கள் வரிசையில் யாரும் இல்லை. ஆனால் சீட்டு சங்கத்தில் இருந்தது. சங்கம் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மறுத்தால் காரணம் எழுத வேண்டும் என்று விதி போட்ட நாங்கள், சும்மா வைத்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று யோசித்திருக்கவில்லை.

வானம் கிழக்கே கறுக்கத் தொடங்கியிருந்தது. நான் பெரியய்யா வீட்டுக்குப் போனேன்.

“வா தாயி. சாப்பிட்டியா?” என்றார். சாப்பிட வைத்துத்தான் பேச விட்டார்.

“அந்தச் சீட்டு, பெரியய்யா...”

“அவ எங்கன போகப்போறா? எங்க நெலத்துல இருக்கா. கிட்டங்கிக்குப் பக்கத்துல ஒரு தகரக் கொட்டாய் போட்டுத் தாரேன். நீ வீடு குடுத்தாச்சுன்னு எழுதிக்க.”

“கொட்டாய் வீட்டுக் கணக்குல வராது.”

“வரும்னு நீ எழுதுனா வருது.” சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “வெதைப்பு நேரம் தாயி. இன்னிக்கு ரோட்டு மேல அவளுக்கு ஒரு வீடு குடுத்தா, நாளைக்கு எம் பண்ணையாளுக அத்தனை பேரும் ஓடையைத் தாண்டி ரோட்டுக்குப் போயிருவாங்க. எங்க வேணும்னாலும் கூலிக்குப் போவாங்க. மொளகாச் செடிக்கு யாரு களை எடுக்கிறது? நீயா?”

“அப்ப வேணாம்னு எழுதிக் குடுத்துருங்க. வேற இடத்துல பாத்துக்கிறேன்.”

“வேற இடம்னா மிஷன் வீடுதான? எம் பண்ணையாளு மிஷன் வீட்டுக்குப் போனான்னு ஊரு பேசணுமா? நான் எழுதவும் மாட்டேன், குடுக்கவும் மாட்டேன். நீ எங்க வீட்டுப் பொண்ணு. அதை மறந்துராத.”

திரும்பும்போது கிட்டங்கி வழியாக வந்தேன். அந்தப் பெண் ஓலையை இன்னும் கொஞ்சம் இறக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். மாமனார் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். முதல் சாரலுக்கே கட்டிலுக்கடியில் தண்ணீர் ஓடிய தடம் மண்ணில் தெரிந்தது. அவளிடம் எதையும் மறைக்கவில்லை. மிஷன் வீடு தயாராக இருக்கிறது, சீட்டு பெரியய்யாவிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது, செவ்வாய்க்கிழமை மாதக் கூட்டம் என்று சொன்னேன். முடிச்சை இறுக்கிக்கொண்டே கேட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை.

“எனக்குச் சீட்டு எழுதுனது நீங்கதான தாயி? அதுல எம் பேருதான இருக்கு?”

“ஆமா.”

“அவுக பெட்டியில எம் பேரு எதுக்கு?” என்றாள்.

கூட்டத்துக்கு முன்பே பாதிரியார் ஆணையாளரிடம் சண்டைக்கு வந்துவிட்டார். கட்டிய வீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு, இடிந்த வீட்டுக்காரர்களை மழையில் விட்டுவைக்க ஒரு பதிவேடு தேவையா, நாளையிலிருந்து தன் பட்டியலைத் தானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவர் போனால் வியாபாரியும் போவார். பிறகு பழையபடி ஒருவருக்கு இரண்டு வீடு, இன்னொருவருக்கு ஓலை. ஆணையாளர் வெளியூர்க்காரர், நல்ல மனிதர், ஆனால் பெரியய்யாவின் செல்வாக்கு அவருக்குத் தெரியும். “செவ்வாய்க்கிழமை வரைக்கும் பொறுங்க” என்று மட்டும் சொன்னார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். தலைவரின் தம்பி மகள் நான் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே புழுக்கம். நான்கு தரப்பும் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு வாரத்துக்குள் பதில் வராத சீட்டு தானாகத் திரும்பிவிட வேண்டும் என்று ஒரு விதி சேர்க்கலாமா என்று ஆணையாளர் ஆரம்பித்தார். விதியைச் சேர்க்க நான்கு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

“நான் ஒத்துக்க மாட்டேன்” என்றார் பெரியய்யா. “எங்க சங்கத்துக்கு ஆளை விசாரிக்க நேரம் வேணும்.”

“இவ்வளவு நாளா என்னத்த விசாரிச்சீங்க?” பாதிரியார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அப்போதுதான் வாசலில் நிழல் விழுந்தது. அந்தப் பெண் வந்து நின்றாள். கடைநிலை ஊழியர் தடுக்கப் போனார், ஆணையாளர் கையமர்த்தினார். அவள் உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றபடி, பெரியய்யாவின் முகத்தைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்துப் பேசினாள்.

“கமிஷனர் அய்யா, எனக்குச் சங்கத்து வீடு வேணாம். சீட்டைத் திருப்பிக் குடுத்தா வேற யாராச்சும் கூப்பிடுவாங்களாம்ல. அதுக்கு வந்தேன்.”

ஆணையாளர் தயங்கினார். “குடுத்த வீட்டை வேணாம்னு சொன்னா வரிசையில கடைசிக்குப் போயிருவம்மா. விதி அப்படி.”

அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். கடைசி என்றால் அடுத்த மழையும் அந்தச் சுவரோரம்தான். பெரியய்யா மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

“வேணாம்ங்கிறாளே! நான் இன்னும் குடுக்கிறேன்னே சொல்லலை. என்னத்த இவ வேணாம்ங்கிறா?”

கீழக்கரை வியாபாரி அதுவரை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கண்ணைத் திறந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார். “குடுக்கிறேன்னு சொல்லலையா?”

“சொல்லலை.”

“அப்ப அந்தப் புள்ளை எதையும் வேணாம்னு சொல்லலை. கடைசிக்கும் போக வேண்டியதில்லை. நீங்க குடுக்கவும் இல்லை. பெறகு அந்தச் சீட்டு உங்க பெட்டியில எதுக்கு இருக்கு?”

பெரியய்யாவின் சிரிப்பு நின்றது. ஆணையாளருக்கு அந்த நேரத்தில் எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, நிமிர்ந்து உட்கார்ந்தார். “தலைவர் அய்யா, குடுக்கிறதா இருந்தா சாவியை இங்க வைங்க. இல்லைன்னா சீட்டை வைங்க. காரணம் சொல்லுங்க, எழுதிக்கிறோம்.”

“காரணம் என்ன காரணம்? எம் நெலத்துல வேலை பாக்கிறவ. எங்கன இருக்கணும்னு நான் சொல்லுவேன்.”

ஆணையாளர் என் பக்கம் திரும்பினார். “அவர் சொன்னதை அப்படியே எழுதும்மா.”

பேனாவை எடுத்தேன். பெரியய்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதினேன். எழுதியதைப் படிக்கச் சொன்னார் ஆணையாளர். அதே சொற்கள்தான், ஆனால் கூட்டத்தில் நான் உரக்கப் படித்தபோது அவை வேறு மாதிரி கேட்டன. பெரியய்யா காதிலும் அப்படித்தான் விழுந்திருக்க வேண்டும்.

“கையெழுத்துப் போடுங்க” என்றார் ஆணையாளர்.

பெரியய்யா போடவில்லை. சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து மேஜைமேல் எறிந்தார். பெட்டியில்கூட இல்லை, பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். “சங்கத்து வீடு இனி உங்க வரிசைக்குக் கெடையாது” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். வாசலில் நின்ற பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டு அவருக்கு வழி விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. வண்டி கேட்டு ஆள் விட்டோம். அந்த ஊரில் யாரும் வண்டி தர ஒத்துக்கொள்ளவில்லை, பெரியய்யாவின் ஆட்கள் சொல்லி வைத்திருந்தார்கள். கடைசியில் மிஷன் வண்டிதான் வந்து ரோட்டில் நின்றது. ரோட்டிலிருந்து கிட்டங்கிவரை சேற்றுப் பாதை, சக்கரம் இறங்காது. மாமனாரைக் கட்டிலோடு தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். தூக்க ஆளில்லையே என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போது இரண்டு பேர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். இருவரும் பெரியய்யாவின் உழவாட்கள். கட்டிலுக்குக் கீழே மூங்கிலைக் கொடுத்துக் கட்டித் தோளில் ஏற்றினார்கள். அவள் சட்டிபானைச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு, குழந்தைகளைச் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். நான் முன்னால் நடந்தேன். என்னைத் தாண்டி யாரும் கைவைக்க மாட்டார்கள் என்று நினைத்தேன், அவ்வளவுதான் என் யோசனை.

வரப்பு திரும்பும் இடத்தில் பண்ணைக் காரியக்காரரும் சில ஆட்களும் நின்றார்கள்.

“தாயி, நீங்க போங்க. அவுக போகப்படாது.”

“பெரியவரு நனையுறாரு. வழியை விடுங்க.”

“அய்யா உத்தரவு.”

பெரியய்யாவே வந்தார், குடையைப் பிடித்துக்கொண்டு. வேட்டி முழங்கால்வரை சேறு. என் முன்னால் வந்து நின்றார்.

“ஓங்கய்யனுக்கு ஆள் அனுப்பிச்சிருக்கேன். அவன் வந்து பேசட்டும்.”

“வரட்டும் பெரியய்யா. நாங்க போயிட்டு இருக்கோம்.”

என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். கட்டிலைத் தூக்கியிருப்பது யார் என்று அப்போதுதான் தெரிந்தது அவருக்கு. “ஏலே, எறக்குங்கடா கட்டிலை” என்றார். அதட்டவில்லை, தினமும் வேலை சொல்கிற குரலிலேயே சொன்னார்.

அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்னால் நின்றவன் தோளை மாற்றினான். மூங்கில் கிறீச்சென்றது. இறக்கப் போகிறான் என்றே நினைத்தேன். அவன் மறுதோளில் மூங்கிலைச் சரிசெய்துகொண்டு அப்படியே நின்றான். பின்னால் இருந்தவனும் நின்றான். கட்டிலில் கிடந்த கிழவர் கண்ணைத் திறக்கவில்லை, மழை முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று சொல்லத் தெரியவில்லை. குழந்தைகளில் சின்னவள் இருமினாள்.

பெரியய்யா அந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குடையைத் திருப்பிக்கொண்டு வரப்பிலிருந்து வயலுக்குள் இறங்கி, தன் வீட்டைப் பார்த்து நடந்தார். காரியக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் ஒதுங்கினார்.

மிஷன் வீட்டில் விறகு நனைந்துபோய்ப் புகைந்ததே தவிரப் பற்றவில்லை. பாதிரியார் காய்ந்த தென்னம்பாளை கொண்டுவந்து போட்டார். கஞ்சி கொதித்ததைப் பார்த்துவிட்டுத்தான் அலுவலகத்துக்குத் திரும்பி அவள் பெயரை அடித்தேன்.

அன்று சாயங்காலம் அய்யா வந்தார். நான் தங்கியிருந்த வீட்டு வாசலில் குடையை மடக்கிவிட்டு உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“இனி அண்ணன் வீட்டுப் படி நீயும் மிதிக்க முடியாது, நானும் மிதிக்க முடியாது” என்றார். “பெரியம்மாதான் பாவம்.” அடுத்த வருஷம் பெரியய்யா வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களைப் பாக்கு வைத்து அழைக்கவில்லை. அம்மா அன்றைக்கு அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை.

இதை நான் ஜெயித்த கதையாகச் சொல்ல எனக்கு மனம் வராது. சங்கம் வெளியேறியதில் அதன் வீடுகள் அந்த மழை முழுவதும் வரிசைக்கு வரவில்லை. அந்த வீடுகளில் குடியேறியிருக்க வேண்டிய குடும்பங்கள் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் மழையைக் கழித்தன. தினமும் அந்த வழியாகத்தான் நான் அலுவலகம் போக வேண்டும். “எங்க சீட்டு எங்கன நிக்குது தாயி?” என்று கேட்பார்கள். கட்டில் தூக்கிய இருவருக்கும் பண்ணையில் வேலை போயிற்று. வியாபாரி தன் செங்கல் சூளையில் அவர்களைச் சேர்த்துக்கொண்டார். அவர்களில் ஒருவன், கொஞ்ச நாள் கழித்து வந்து தனக்கும் ஒரு சீட்டு எழுதச் சொன்னான். அவனுக்குப் பின்னால் பண்ணையிலிருந்து இன்னும் சிலர் வந்தார்கள்.

ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் சீட்டு திரும்பிவிடும் என்ற விதியை மீதி மூன்று தரப்பும் சேர்த்துக்கொண்டன. சங்கத்துக்கு அடுத்த தேர்தலில் வேறொருவர் தலைவரானார். அவர் வந்து முதலில் கேட்டது அந்த விதியைத்தான். படித்துப் பார்த்தார், “சரி, இருக்கட்டும்” என்று கையெழுத்திட்டார். பூட்டிக் கிடந்த வீடுகள் ஒவ்வொன்றாக வரிசைக்கு வந்தன.

அந்தப் பெண்ணை மாசி மாதத்தில் ஒருநாள் பெரியய்யாவின் மிளகாய்க் காட்டில் பார்த்தேன். பழம் பறித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் திக்கென்றது. வரப்போரம் கூப்பிட்டு, யாராவது மிரட்டினார்களா என்று கேட்டேன்.

“இல்லை தாயி. காரியக்காரரு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு கூப்பிட்டாரு. கூலி பேசிட்டுத்தான் எறங்குனேன்” என்றாள். மடியில் இருந்த பழத்தைக் கூடையில் கொட்டிவிட்டு, “பொழுது சாய முன்னாடி போயிருவேன். மாமாவைத் திருப்பிப் படுக்கப் போடணும்” என்று சொல்லிக்கொண்டே அடுத்த செடிக்குப் போனாள்.